பேஸ்காரரைக் கேளுங்கள்: இந்த இதழ் முழுக்க ஜிம்மி பிளான்டன்

கே: சென்ற இதழில் ஒரு பதிலில், டபுள் பேஸின் சரித்திரத்தைப் பிளான்டனுக்கு முன், பிளான்டனுக்குப் பின் என்று பிரிக்கலாம் என ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். யார் சார் அந்தப் பிளான்டன்?
– எஸ்.ஆர்., கோவை

ப: அன்றைக்கு இடம் இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிக் கேட்டதால், இந்த முறை ஆசிரியர் தாராளமாகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். சினிமாப் பாட்டு பற்றிக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்மி பிளான்டன் 1918 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சாட்டனூகா என்ற ஊரில் பிறந்தார். அம்மா பியானோ வாசிப்பவர், சொந்தமாக ஒரு பேண்டும் நடத்தியவர். பையன் முதலில் கையில் எடுத்தது வயலின். நாஷ்வில்லில் இருந்த டென்னசி ஸ்டேட் கல்லூரியில் படிக்கப் போன இடத்தில்தான் டபுள் பேஸுக்கு, அதாவது நின்றுகொண்டு வாசிக்கிற, கீழ் ஸ்வரங்களுக்கான ஆள் உயரத் தந்தி வாத்தியத்துக்கு, மாறினார். கோடை விடுமுறையில் மிசிசிப்பி நதியில் ஓடும் உல்லாசப் படகுகளில் ஃபேட் மாரபிளின் பேண்டில் வேலை. அந்த மாரபிள் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபது வருடத்துக்கு முன்பு லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞருக்கும் படகில் வேலை கொடுத்தவர் அவர்தான். அப்புறம் பிளான்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து, ஜெட்டர்-பில்லர்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார்.

1939 இலையுதிர் காலத்தில், ஜாஸ் பியானோக்காரரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டனின் ஆர்க்கெஸ்ட்ரா செயின்ட் லூயிஸ் வந்தது. கச்சேரி முடிந்த பிறகு வேறு இடங்களுக்குப் போய் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்பது அந்தக் காலத்து ஜாஸ்காரர்களின் வழக்கம். அப்படிப் போன எலிங்டனின் ஆட்கள் ஒரு பையனைப் பற்றிப் பரபரப்பாக வந்து சொன்னார்கள். எலிங்டன் நேரில் போய்க் கேட்டார். கையோடு வேலைக்கு எடுத்துக்கொண்டார். பையனுக்கு அப்போது வயது 21.

இதில் ஒரு சிக்கல். எலிங்டனிடம் ஏற்கெனவே பில்லி டெய்லர் என்ற நல்ல பேஸ்காரர் இருந்தார். வேறு தலைவராக இருந்தால் தயங்கியிருப்பார். எலிங்டனுக்கு அதற்கு முன்பும் இரண்டு பேஸ் வைத்துக்கொண்டு நடத்திய பழக்கம் உண்டு, அதனால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். 1940 தொடக்கத்தில் டெய்லர் விலகினார். பாஸ்டனில் ஒரு நிகழ்ச்சியின் நடுவிலேயே, இந்தப் பையன் பக்கத்தில் நின்று இதற்கு மேல் மானம் போக முடியாது என்று பேஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். எலிங்டன் தன் சுயசரிதையில் சொல்லும் கதை இது. எலிங்டன் கதையை அழகாகச் சொல்லத் தெரிந்தவர் என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். ஆனால் பேஸ்காரனான எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. பக்கத்தில் நிற்பவன் நம்மை விட நன்றாக வாசிக்கிறான் என்பது எல்லோருக்கும் முன்னால் நமக்குத்தான் தெரியும்.

1941 கடைசியில் பிளான்டனால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. காசநோய். 1942 ஜூலை 30 அன்று, கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு சானட்டோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான மருத்துவமனையில், இறந்தார். வயது 23. எலிங்டனிடம் இருந்தது சுமார் இரண்டு வருடம். நாம் பேசுவதெல்லாம் அந்த இரண்டு வருடத்து இசைத்தட்டுகளைப் பற்றித்தான்.

கே: ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிப்பவரை எப்போதும் கடைசி வரிசையில் நிறுத்துகிறார்களே, ஏன்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்

ப: முன்னால் நிறுத்தினால் பின்னால் இருப்பவர்கள் யாரும் தெரிய மாட்டார்கள். எலிங்டன் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பிளான்டனை பியானோவுக்குப் பக்கத்தில், முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். காதால் முடிவெடுத்திருக்கிறார், கண்ணால் இல்லை.

கே: பிளான்டனுக்கு முன்பு ஜாஸில் பேஸ் தனியாக வாசித்ததே இல்லை என்று இணையத்தில் ஒரு கட்டுரை சொல்கிறது. உண்மையா?
– கே.எம்., நாகர்கோவில்

ப: உண்மை இல்லை. இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஒருவரை உயர்த்துவதற்காக அவருக்கு முன்னால் இருந்த எல்லோரையும் அழித்துவிடுகிறார்கள்.

ஆரம்பத்தில் ஜாஸ் ரெக்கார்டுகளில் பேஸின் வேலையைப் பெரும்பாலும் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊது வாத்தியம் செய்தது. 1925 வாக்கில் மின்சார மைக் மூலம் ஒலிப்பதிவு வந்தது. அதற்கு முன்பு புனல் வழியாகப் பதிந்த காலத்தில், தந்தி பேஸின் ஒலி தட்டில் சரியாக ஏறாது. மைக் வந்த பிறகு அது கேட்க ஆரம்பித்தது. எலிங்டனிடமே 1927 முதல் 1935 வரை வெல்மேன் ப்ரோ இருந்தார். நியூ ஆர்லியன்ஸ் பாணியில் தந்தியை இழுத்து விட்டு, அது பலகையில் மோதும் சத்தத்தையும் தாளமாக்குகிற 'ஸ்லாப்' வாசிப்பு. இன்றைக்குக் கேட்டாலும் அந்தச் சத்தம் அறைகிறது.

கேன்சஸ் சிட்டியில் வால்டர் பேஜ். கவுன்ட் பேஸியின் பேண்டில் ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, நான்கு அடியும் சமமாக நடந்துபோகிற வாசிப்பை ஊன்றியவர். நாங்கள் 'வாக்கிங் பேஸ்' என்போம். 1938ல் 'பேஜிங் தி டெவில்' என்ற பதிவில் அவருக்குத் தனி வாசிப்பே உண்டு. அதற்கும் முன்பு, 1935ல், ஜீன் க்ரூப்பாவுடன் 'ப்ளூஸ் ஆஃப் இஸ்ரேல்' வாசித்த இஸ்ரேல் கிராஸ்பி அப்போது பதின்வயதுப் பையன். கேப் கேலவேயின் பேண்டில் மில்ட் ஹின்டன் 1939 ஆகஸ்டில் 'ப்ளக்கிங் தி பேஸ்' என்று பேஸை முன்வைத்தே ஒரு தட்டு கொடுத்தார், பிளான்டன் எலிங்டனிடம் சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பு. ஸ்லாம் ஸ்டூவர்ட் வில் போட்டு வாசித்துக்கொண்டே அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே வாயால் முனகுவார். கேட்டால் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும்.

அப்படியானால் பிளான்டன் புதிதாக என்ன செய்தார்? மற்றவர்களின் தனி வாசிப்பு பெரும்பாலும் தாளத்தின் விளையாட்டு. ஸ்லாப், வேகம், வேடிக்கை. பிளான்டன் அதே பேஸில் சாக்ஸபோன்காரர் யோசிக்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை யோசித்தார். ஆரம்பம், திருப்பம், மூச்சு விடும் இடம், முடிவு என்று எல்லாம் இருக்கிற வாக்கியம். அதை வாசித்து முடித்தவுடன் ஒரு அடி கூடத் தவறாமல் நடைக்குத் திரும்பிவிடுவார். இன்னொன்று, அவர் மீட்டிய ஸ்வரம் நீண்டு நிற்கும். அந்தக் காலத்துக் குடல் தந்தியில் ஸ்வரம் 'தப்' என்று விழுந்து அடங்கிவிடுவதுதான் இயல்பு. அடுத்த ஸ்வரம் வரும் வரை முந்தையதைச் சாகவிடாமல் வைத்திருக்க இடது கை விரலில் நல்ல பலமும், விரலை எடுக்க அவசரப்படாத பொறுமையும் வேண்டும்.

கே: நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. காலேஜ் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நீங்கள் சொன்னீர்கள் என்று பிளான்டனைத் தேடி 'ஜாக் தி பேர்' கேட்டேன். பேஸே கேட்கவில்லை. எல்லாம் ட்ரம்பெட்தான். எங்கே தவறு?
– வி.பி., திருநெல்வேலி

ப: போனில் கேட்டீர்களா தம்பி? அதுதான் தவறு. டபுள் பேஸின் மிகக் கீழ்த் தந்தி, ஈ, நொடிக்கு 41 அதிர்வு. போனில் இருக்கும் பொட்டு ஸ்பீக்கருக்கு அங்கே இறங்கவே வராது. நல்ல ஹெட்ஃபோன் போதும், விலை கூடியது தேவையில்லை. பேஸ் பூஸ்ட் பொத்தானைத் தொடாதீர்கள். அதைப் போட்டால் பழைய தட்டின் உறுமலும் சேர்ந்து பெருகும், பிளான்டன் அதற்குள் அமுங்கிப் போவார்.

இப்போது 'ஜாக் தி பேர்' மறுபடி போடுங்கள். 1940 மார்ச் 6, சிகாகோவில் விக்டர் கம்பெனிக்காகப் பதிந்தது. ஆரம்பத்திலேயே பேண்ட் ஒரு சொல் சொல்லி நிறுத்துகிறது, அந்த இடைவெளியில் பேஸ் பதில் சொல்கிறது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பேசியதற்கு ஒற்றை ஆள், அதுவும் கையால் மீட்டி, பதில் சொல்கிறார். முடிவிலும் பேஸ் முன்னால் வரும். முதல் முறை அந்த இரண்டு இடங்களை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறை நடுப்பகுதி. கிளாரினெட், சாக்ஸ், ட்ரம்பெட், டிராம்போன் எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, கீழே நடக்கிற பேஸை மட்டும் உங்கள் வாயால் முனகிக்கொண்டே போங்கள். மூன்று நிமிடத் தட்டுதான், ஒரு மணி நேரம் அதிலேயே உட்காரலாம்.

அடுத்து அதே நாளில் பதிந்த 'கோ-கோ'. மைனர் ப்ளூஸ், இருட்டான பாட்டு. கடைசிப் பகுதியை நெருங்கும்போது பேண்ட் முழுதும் சட்டென்று நின்று பிளான்டனுக்கு வழி விடும். இரண்டே பார். அப்புறம் மறுபடி அடி, மறுபடி வழி. அதன்பின் மே 4 அன்று ஹாலிவுட்டில் பதிந்த 'காட்டன் டெய்ல்'. அதில் எல்லோரும் பென் வெப்ஸ்டரின் சாக்ஸைக் கொண்டாடுவார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வெப்ஸ்டருக்கு அடியில் அந்த வேகத்தில் பிளான்டன் எதைக் கொடுக்கிறார் என்று கேளுங்கள். ஜூலையில் பதிந்த 'செபியா பனோரமா' நான்காவது. அதைக் கொஞ்ச காலம் எலிங்டன் தன் முகப்பு இசையாகவே வைத்திருந்தார், அவ்வளவு பிடித்திருக்கிறது. 1941 பிப்ரவரியில் 'ஜம்பிங் பங்கின்ஸ்'.

அதே பிப்ரவரிப் பதிவில்தான் 'டேக் தி ஏ ட்ரெய்ன்' வந்தது. உலகமே கேட்ட பாட்டு. அது தட்டில் வந்த காரணம் ஒரு வழக்கு மாதிரி இருக்கும். இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகைச் சங்கத்துக்கும் ரேடியோக்காரர்களுக்கும் தகராறு வந்து, 1941 தொடக்கத்தில் எலிங்டன் தன் சொந்தப் பாட்டுகளை ரேடியோவில் வாசிக்க முடியாமல் போனது. எலிங்டனோடு சேர்ந்து வேலை செய்த, சங்கத்தில் சேராத பில்லி ஸ்ட்ரேஹார்னின் பாட்டுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. 'ஏ ட்ரெய்ன்' ஸ்ட்ரேஹார்னுடையது. அதிலும் கீழே பிளான்டன்தான்.

கே: பியானோவும் பேஸும் மட்டும் சேர்ந்து எலிங்டனும் பிளான்டனும் வாசித்த டூயட்கள்தான் அவருடைய உச்சம் என்று சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஜே.டி., புதுச்சேரி

ப: இதில் எனக்குக் கொஞ்சம் தனிப் பிடிவாதம் உண்டு. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டூயட்கள் மொத்தம் ஆறு. 1939 நவம்பர் 22 அன்று, சேர்ந்து சில வாரங்களே ஆன நிலையில், 'ப்ளூஸ்', 'ப்ளக்டு அகெய்ன்' என்று இரண்டு. 1940 அக்டோபர் 1 அன்று நான்கு: 'பிட்டர் பேந்தர் பேட்டர்', 'பாடி அண்ட் சோல்', 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி', 'மிஸ்டர் ஜே.பி. ப்ளூஸ்'. ட்ரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை. ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் தலைவர், 21 வயதுப் பையனை மட்டும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய், அந்தப் பையன் முன்னால் பாட, தான் பக்கவாத்தியம் வாசித்தது பெரிய காரியம். தட்டு விற்குமா என்று கம்பெனிக்காரர்கள் யோசித்திருப்பார்கள். 'பிட்டர் பேந்தர் பேட்டர்' இன்றைக்கும் பேஸ் மாணவர்கள் பாடமாக வாசிப்பது. அதில் பியானோ ஒரு சொல் எறிய, பேஸ் பிடித்துத் திருப்பி எறியும் இடங்களைக் கேட்டால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வாசித்திருப்பார்கள் என்று தோன்றும்.

ஆனாலும் உச்சம் அது என்று நான் சொல்ல மாட்டேன். 'பாடி அண்ட் சோல்', 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி' இரண்டிலும் அவர் வில் போட்டு வாசிக்கும் பகுதிகளில் சுருதி அங்கங்கே வழுக்குகிறது. ஒலியும் விரலால் மீட்டும்போது இருக்கிற அளவு உறுதியாக இல்லை. இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிற நண்பர்கள் எனக்கு உண்டு. 21 வயதில், வில் பாடம் முழுதாகக் கிடைக்காத ஒருவர் வாசித்தது என்று பார்த்தால் அது பிரமிப்புதான். ஆனால் பிரமிப்பு வேறு, உச்சம் வேறு.

மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்துக்குக் கைதட்டிவிட்டு, அவர் அதற்கு முன் ஒரு விளம்ப காலக் கீர்த்தனைக்கு எங்கே வாசித்தார், எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போகிற ரசிகர்கள் இருக்கிறார்களே, அது மாதிரிதான் டூயட்களோடு நிறுத்திக்கொள்வதும். பிளான்டனின் பெரிய வேலை பின்னால் நின்று வாசித்ததில் இருக்கிறது. ஜானி ஹாட்ஜஸின் சின்னக் குழுப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 நவம்பர் 2, 'டே ட்ரீம்'. ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸ் தேன் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. அந்த மெதுவான காலத்தில் பேஸ்காரருக்கு ஒளிய இடமே கிடையாது. ஸ்வரம் கொஞ்சம் முன்னால் விழுந்தாலும் பாட்டு அவசரப்பட்ட மாதிரி இருக்கும், பின்னால் விழுந்தால் இழுவை. பிளான்டன் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீட்டி, அடுத்ததன் வாசலில் கொண்டுபோய் விடுகிறார். நான் ரெக்கார்டிங்கில் மெல்லிய பாட்டுகளுக்கு வாசிக்கும்போது, கை நடுங்குகிற நாட்களில், மனதுக்குள் ஓட்டிப் பார்த்தது இந்த மாதிரிப் பதிவுகளைத்தான். டூயட்களை இல்லை.

கே: அப்போது பேஸுக்கு ஆம்ப்ளிஃபயர் கிடையாதே? 15 பேர் கொண்ட பேண்டில் பேஸ் எப்படிக் கேட்டது?
– ஆர்.ஏ., யாழ்ப்பாணம்

ப: நல்ல கேள்வி. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்பைப் பேஸில் பொருத்தி ஆம்ப்ளிஃபயரோடு இணைப்பது பிற்காலத்து விஷயம். அன்றைக்குத் தந்தி ஆட்டுக்குடலில் செய்தது. தந்தியைப் பலகையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அழுத்த வலிக்கும், ஆனால் இழுத்து விட்டால் சத்தம் கிடைக்கும். எங்கள் காலத்திலேயே பழைய ஆட்கள் குடல் தந்தியை விடவில்லை. மழைக்காலத்தில் சென்னையில் அதைச் சுருதியில் நிறுத்துவதற்குள் பாதி நாள் போய்விடும். வலது கையில் விரல் நுனியால் கொத்தாமல், விரலின் பக்கவாட்டுச் சதையைத் தந்தியோடு படுக்க வைத்து இழுத்தால் ஒலி தடிமனாக வரும்.

ஆனால் பாதி ரகசியம் வாத்தியத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. எலிங்டன் பேஸுக்கு இடம் விட்டு எழுதினார். பிளான்டன் பேசும் இடத்தில் பிராஸ், அதாவது ட்ரம்பெட், டிராம்போன் கோஷ்டி, வாயை மூடிக்கொள்ளும். சன்னி கிரீர் ட்ரம்ஸில் அடக்கி வாசிப்பார். பியானோவில் எலிங்டனின் இடது கை பேஸின் எல்லைக்குள் அநாவசியமாக நுழையாது. இன்றைக்குப் பல ஒலிக்கலவைகளில் பேஸுக்கு 10 டெசிபல் ஏற்றியும் ஒன்றும் புரியாமல் போவதற்கு, அந்த எல்லையில் கீபோர்டும் வந்து குந்திக்கொண்டிருப்பதுதான் காரணம்.

கே: ஃபார்கோ பதிவு என்று ஒன்றைப் பற்றி ஒலிப்பதிவு நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதில் பிளான்டன் உண்டா?
– சவுண்ட் இன்ஜினியர், வடபழனி

ப: உண்டு. நீங்கள் இந்தத் துறைக்காரர், உங்களுக்கு இது கட்டாயப் பாடம்.

1940 நவம்பர் 7. வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்ற குளிர்ப் பிரதேச ஊர். கிரிஸ்டல் பால்ரூம் என்ற நடன அரங்கம். எலிங்டன் ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்களுக்காக வாசிக்கிற சாதாரண ராத்திரி. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்று இரண்டு இளைஞர்கள், எலிங்டன் ரசிகர்கள், முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, தூக்கிச் செல்லக்கூடிய தட்டு வெட்டும் மெஷினோடு வந்தார்கள். டேப் புழக்கத்துக்கு வராத காலம். பெரிய அசிடேட் தட்டில் ஊசி நேரடியாகக் கோடு வெட்டும், தவறினால் தட்டு போச்சு.

விற்பனைக்கு என்று யாரும் திட்டமிடாததால் மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லை. ஸ்டூடியோவில் மூன்று நிமிடத்துக்குள் அடைத்த பாட்டு இங்கே கையைக் காலை நீட்டிப் படுக்கிறது. ட்ரம்பெட்காரர் கூட்டி வில்லியம்ஸ் பென்னி குட்மேனின் பேண்டுக்குப் போய்விட்ட புதிது, அவர் இடத்துக்கு ரே நான்ஸ் அப்போதுதான் வந்திருந்தார். பென் வெப்ஸ்டர் 'ஸ்டார் டஸ்ட்' வாசித்ததும் அன்றைக்குத்தான். அதற்குக் கீழே பிளான்டனைக் கேளுங்கள். கூட்டம் பேசுகிறது, ஆடுகிறது, யாரோ கத்துகிறார்கள். அத்தனைக்கும் நடுவில் அந்தப் பேஸ் ஒலி அறையில் நிஜமாக எப்படி இருந்திருக்கும் என்று புரியும். விக்டர் ஸ்டூடியோவில் ஒலி சுத்தம், இங்கே ஒலி உயிரோடு இருக்கிறது. எனக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஃபார்கோவை வைத்துக்கொள்வேன்.

அந்தப் பதிவு 1978ல் முறையாக வெளியாகி, பிறகு கிராமி விருதும் வாங்கியது. பதிந்து சுமார் நாற்பது வருடம் கழித்து. டவர்ஸ் பின்னாளில் பழைய தட்டுகளைச் சுத்தம் செய்து மீட்பதில் பேர் வாங்கினார்.

கே: 23 வயதில் காசநோயால் இறந்தார் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் நர்ஸ். அப்போது மருந்தே இல்லையா?
– எம்.எல்., வேலூர்

ப: இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாட்டிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது 1943ல். பிளான்டன் இறந்து ஒரு வருடம் கழித்து. அது நோயாளிகளுக்கு வந்து சேர இன்னும் சில வருடங்கள். 1942ல் வைத்தியம் என்றால் சானட்டோரியம், ஓய்வு, நல்ல காற்று, சாப்பாடு. ஓய்வு என்பதோ ஊர் ஊராக இரவு ரயிலிலும் பஸ்ஸிலும் போய், புகை மண்டிய அரங்குகளில் நள்ளிரவு தாண்டி வாசிக்கிற ஆளுக்குக் கடைசியில்தான் கிடைக்கும். 1941 கோடையில் லாஸ் ஏஞ்சலஸில் எலிங்டன் 'ஜம்ப் ஃபார் ஜாய்' என்ற இசை நாடகத்தை மேடையேற்றியபோது பேண்ட் சில மாதம் ஒரே ஊரில் இருந்தது. நோய் முற்றியது தெரிந்ததும் அந்த நகரத்தில்தான். அவர் இடத்துக்கு ஜூனியர் ராக்லின் வந்தார்.

சானட்டோரியத்தில் படுத்துத்தான் தீர வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே பலன் என்று உலகுக்குக் காட்டியது 1950களின் பிற்பகுதியில் நம் சென்னையில் நடந்த ஆய்வு. இதை உங்கள் ஊர் டாக்டர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

இன்னொரு தேதியும் நினைவில் நிற்கிறது. பிளான்டன் இறந்தது ஜூலை 30. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ராயல்டி கேட்டு ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது ஆகஸ்ட் 1. அதன்பின் நெடுநாள் எலிங்டனும் ஸ்டூடியோவுக்குள் போகவில்லை.

கே: எலிங்டன் சென்னைக்கு வந்திருக்கிறாராமே, அப்போது பிளான்டன் உடன் வந்தாரா?
– டி.கே., மயிலாப்பூர்

ப: வந்தது 1963ல், அமெரிக்க அரசாங்கத்தின் ஏற்பாட்டில். அந்தப் பயணத்தில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத், கொழும்பு எல்லாம் உண்டு. பிளான்டன் இறந்து 21 வருடம் ஆகியிருந்தது. அந்தப் பயணத்தில் பேஸ் வாசித்தவர் எர்னி ஷெப்பர்ட்.

கே: பிளான்டனுக்குப் பிறகு அந்த வழியில் வந்தவர்கள் யார்?
– கே.எம்., நாகர்கோவில் (மறுபடியும்)

ப: உங்களுக்கு இரண்டு கேள்விக்கு இடம் கொடுத்ததற்கு மற்றவர்கள் கோபிக்கப் போகிறார்கள். சுருக்கமாக. ஆஸ்கார் பெட்டிஃபோர்ட் முதலில். 1940களின் நடுவில் எலிங்டனிடமே வந்து சேர்ந்தவர், பிளான்டன் விட்ட வாக்கியத்தை முடித்தவர் என்று நான் நினைப்பது அவரைத்தான். சார்லஸ் மிங்கஸ் 1953ல் எலிங்டனிடம் கொஞ்ச நாள் இருந்தார். டிராம்போன்காரர் ஹுவான் டிசோலோடு நடந்த சண்டையில் வேலை போயிற்று. அப்புறம் ரே பிரவுன். பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த பையன், பிளான்டனின் தட்டுகளைக் கேட்டே கற்றவர். 1972 டிசம்பரில் எலிங்டனும் ரே பிரவுனும் பியானோ, பேஸ் என்று இரண்டே பேர் உட்கார்ந்து 'திஸ் ஒன்ஸ் ஃபார் பிளான்டன்' என்று ஒரு ஆல்பம் பதிந்தார்கள். 'பிட்டர் பேந்தர் பேட்டர்' அதிலும் உண்டு. பழையதையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ரே பிரவுனின் ஒலி பெரியது, சுருதி அப்பழுக்கில்லாதது, கை சுத்தம். எலிங்டனுக்கு வயது 73. ஆனால் பழைய தட்டில் இருக்கிற துள்ளல் இதில் கொஞ்சம் குறைவு என்பது என் காது.

கே: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்க முடியுமா? அப்படியே, எலிங்டனிடம் சேர்வதற்கு முன்பு பிளான்டன் வாசித்த பதிவு ஏதாவது உண்டா?
– பி.எஸ்., ஈரோடு

ப: 'தி பிளான்டன்-வெப்ஸ்டர் பேண்ட்' என்ற பெயரில் 1986ல் மூன்று சிடி கொண்ட தொகுப்பு வந்தது. 1940 முதல் 1942 வரை விக்டர் கம்பெனிக்கு எலிங்டன் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த பாட்டுகள், மொத்தம் 66. 2003ல் 'நெவர் நோ லமென்ட்' என்று ஒலியைச் சீர்செய்து மறுபடி போட்டார்கள். வாங்குவதானால் இரண்டாவதை வாங்குங்கள், பேஸ் தெளிவாகக் கேட்கும். கடைசிப் பாட்டுகளில் இருப்பது ஜூனியர் ராக்லின், பிளான்டன் இல்லை. 1939 டூயட்களும், ஹாட்ஜஸ், ரெக்ஸ் ஸ்டூவர்ட், பார்னி பிகார்டு ஆகியோரின் சின்னக் குழுப் பதிவுகளும் அந்தப் பெட்டியில் வராது. அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் பிளான்டன் பெயரில் தேடாதீர்கள், எலிங்டன் பெயரும் வருடமும் போட்டுத் தேடுங்கள்.

எலிங்டனுக்கு முந்தையது உண்டு. 1937ல் ஜெட்டர்-பில்லர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா பதிந்த சில தட்டுகள். பேஸைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒழுங்காக நான்கு அடி போட்டுக்கொண்டு ஒரு பையன் பின்னால் நிற்கிறார், அவ்வளவுதான்.